யார் காலும் படாத காடு

மெர்சிங்காரன் என்று சொன்னால் எல்லாரும் தீவைப் பற்றித்தான் கேட்பார்கள். தியோமானுக்கு எத்தனை மணிக்குப் படகு, ராவாவில் தங்க எவ்வளவு ஆகும். எனக்கும் மெர்சிங் என்றால் ஜெட்டியும் கருவாட்டு வாசமும்தான். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் எண்டாவ் ரொம்பின் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, ஜொகூர் பக்கம் மட்டுமே 48,905 ஹெக்டர் என்பதெல்லாம் இருபத்தாறு வயதில்தான் உறைத்தது. அதுவும் போனஸ் காசில் ஒரு கேமரா வாங்கியதால்.

ஜெமாலுவாங் வழியாகக் கஹாங் போய், அங்கிருந்து நான்கு சக்கர ஜீப்பில் கம்போங் பெத்தாவுக்குப் போக வேண்டும். 56 கிலோமீட்டர் மண் ரோடு. முதலில் செம்பனை, பிறகும் செம்பனை, இடுப்பு கழன்று விழும் நேரத்தில் காடு. பெத்தா ஜக்குன் பூர்வக்குடிகளின் கம்பம். வழிகாட்டிகள் அவர்கள்தான்.

முதல் தடவை போனபோது நான் எடுத்தது முன்னூற்றுச் சொச்சம் படங்கள். உபே குலிங்கில் தண்ணீர் சுழன்று சுழன்று பாறையில் குடைந்த குழிகள், புவாயா சங்குட் அருவி, அட்டை கடித்த என் கால். அதில் ஒன்று உண்மையாகவே நன்றாக வந்திருந்தது. ஆற்றோரம், காலைப் பனி, நடுவில் ஒரு பெரிய மரம், ஓர் ஆள் இல்லை. அதை இன்ஸ்டாகிராமில் போட்டு 'மனிதக் கால் படாத காடு' என்று எழுதினேன். எனக்கு அதுவரை வராத அளவுக்கு லைக் வந்தது. ஒரு அக்கா அதை வாழ்த்து அட்டைக்குக் கேட்டார். கொஞ்ச நாள் நான் ஒரு கலைஞன் என்ற நினைப்பில்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனேன். அதே வழிகாட்டி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் 'பாங்' என்று கூப்பிடுவேன். பெருமையாகப் படத்தைக் காட்டினேன். அவர் போனை வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார்.

"இது டுரியான் மரம், டிக்."

அப்படியா என்றேன்.

"டுரியான் இங்க தானா வரிசையா முளைக்காது. பின்னால பாரு, இன்னொண்ணு. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. எங்க தாத்தா ஆளுங்க இருந்த இடம்."

மலாயில்தான் சொன்னார். கோபமாகவும் இல்லை, கேலியாகவும் இல்லை. பெட்ரோல் ஸ்டேஷன் எங்கே என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், வரிசைதான். கட்டுமானத் தளத்தில் தூண் வரிசை அரை இஞ்ச் விலகினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்கிறவன் நான்.

அதற்குப் பிறகுதான் இந்தக் காட்டைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். 1977இல் பகாங் பக்கம் இதன் நடுப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுத்தபோது நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியிருக்கிறது. 1985இல் மலாயா இயற்கைக் கழகம் ஓராண்டு ஆய்வுப் பயணத்தைத் தொடங்கி, கோலா ஜாசினில் முகாம் போட்டது. அறிவியலாளர்களோடு தொண்டர்களும் பொதுமக்களும் போனார்கள். ஜானிங் மலையின் மேலே காடாக நிற்கும் விசிறிப்பனைக்கு 1987இல் டிரான்ஸ்ஃபீல்டும் வோங்கும் 'லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஆற்றின் பெயர் ஒரு பனைக்கு. 1989இல் ஜொகூர் பூங்காச் சட்டம், 1993இல் அரசிதழ் அறிவிப்பு. படங்களும் பட்டியல்களும் சேர்ந்து ஒரு காட்டைக் காப்பாற்றின என்றுதான் நான் நினைக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் காட்டுக்காகப் பேசும்போது 'தீண்டப்படாத', 'கன்னிக்காடு' என்றெல்லாம்தான் நமக்கு வாயில் வருகிறது. நானும் அதையேதான் எழுதினேன். இன்னொரு பக்கம், பெத்தா மக்கள் தங்கள் பரம்பரை நிலத்துக்காக மெர்சிங் மாவட்ட நில நிர்வாகியை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் பழைய பழமரங்களும் கல்லறைகளும்தான் சாட்சி. நான் யாருமே இல்லை என்று எழுதி அழகு பார்த்தது அந்தச் சாட்சியைத்தான். பந்திங்கைச் சேர்ந்த தெமுவான் ஓவியர் ஷாக் கோயோக்கின் படங்களைப் பிறகு பார்த்தேன். பின்னிய பாயின் மேலேயே வரைகிறார். அவருடைய காட்டுக்கு முகங்கள் இருக்கின்றன. பாயைப் பின்னியதும் ஒரு கைதானே.

இரண்டாவது பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. பெத்தாவில் இயற்கைக் கல்வி மையம் இருக்கிறது. அன்று ஏதோ ஒரு பள்ளி முகாம். ஒரு டீச்சர் பிள்ளைகளை ஆற்றோரம் உட்கார வைத்து, பார்ப்பதை மட்டும் வரையச் சொல்லியிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் இரண்டு கூர்மலை, நடுவில் சூரியன், கீழே வயல், ஒரு குடிசை என்று வரைந்திருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷமும் நான் வரைந்த அதே படம்! மெர்சிங்கில் எங்கே வயல், எங்கே கூர்மலை? ஜானிங் பாராட்டின் உச்சி மேசை மாதிரி தட்டை. டீச்சர் திட்டவில்லை. அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, "மலை முடியுற இடத்த விரலால காத்துல வரைஞ்சு காட்டு" என்றார். அவன் விரல் நேராகவே போயிற்று. அவனுக்கே நம்ப முடியவில்லை. திரும்ப ஒரு தடவை வரைந்து பார்த்தான்.

வீட்டுக்கு வந்து பழைய வாசகத்தை அழித்துவிட்டு 'டுரியான் தோப்பு, எண்டாவ் ஆறு' என்று மாற்றினேன். லைக் ஏறவில்லை. வாழ்த்து அட்டை கேட்ட அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பழைய வரிதாண்டா நல்லா இருந்துச்சு" என்றார்.

அப்பாவிடம் காட்டலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவர் அந்தப் பக்கமெல்லாம் பாலாக் லோரி ஓட்டியவர். என் படிப்புக்குப் பாதிக் காசு மரத்திலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறி முடித்ததும் போனைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முதலில் அருவியைத் தள்ளிவிட்டார். பனைகளையும் தள்ளிவிட்டார். கஹாங் ரோட்டுச் செம்பனைப் படத்தில் கொஞ்சம் நின்றார். "இதெல்லாம் அப்ப காடு" என்றார். பிறகு ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மெராந்தி மரம் வந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கி, அடிமரத்தைத் திரையில் மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தார்.

"இது ஒண்ணே ஒரு லோரிக்கு வரும்டா" என்றார். போனை உடனே திருப்பித் தரவில்லை.