இழந்த பேச்சும் எஞ்சிய இராகமும்

குழந்தை பேசப் பிந்தினால் பதறுகின்ற குடும்பம், பாரிசவாதத்தால் தந்தையின் பேச்சு நின்றவிடத்து, "வயது போய்விட்டது" என்று அமைந்துவிடுகிறது. வளர்ந்தோரின் பேச்சிழப்புக்கும் சிகிச்சை உண்டென்பதை நம்மவருட் பலர் அறியார்.

புளியந்தீவில் என் அயலவராயிருந்த முதியவர் ஒருவர், இளமையில் வடமோடிக் கூத்தில் அரச வேடந் தாங்கியவர். பாரிசவாதத்தின் பின் பிறர் சொல்வதை விளங்கிக்கொண்டார்; தம் பெயரைச் சொல்ல நா எழவில்லை. ஒருநாள் பேரன் வரவுத்தரு ஒன்றைத் தொடங்க, அடுத்த அடியைப் பிசகின்றிப் பாடினார். வீட்டார் தெய்வச் செயல் என்றனர். தமிழிற் பயிற்றுவார் அருகில் எவருமின்றி, "தண்ணி" என்று கேட்கும் ஆற்றல் மீளாமலே அவர் மறைந்தார்.

பேச்சை ஆக்குவதில் மூளையின் இடப்பாதிக்குள்ள பங்கினை 1860களில் பாரிசில் புறோக்கா எடுத்துக்காட்டினார். இடப்பாதி பழுதுற்றோர் சிலரிடத்தும் பழகிய பாட்டு எஞ்சிநிற்கும். இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1973இல் பொஸ்ரனில் அல்பேட், ஸ்பாக்ஸ், ஹெல்ம் ஆகியோர் ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டனர். அன்றாடத் தேவைக்குரிய சிறு தொடரை இசையோடு சொல்லுவித்து, இடக்கையால் தாளமிடுவித்து, பின்னர் இசையைச் சிறிது சிறிதாக விலக்குவதே அம்முறை. பழம்பாட்டைப் பாடுவது மட்டும் பேச்சாகிவிடாது. புதிய தொடருக்கு அது வாயிலாக வேண்டும்.

ஆனால் அவர்கள் கொண்ட இசை ஆங்கிலப் பேச்சின் ஏற்றவிறக்கம். அதனை அப்படியே நம் முதியவர்மீது சுமத்தலாமா? சோதனை வினாக்களும் அத்தகையனவே. மட்டக்களப்பார் நாவில் "மறுகா", "ஒண்ணா" என்பன இயல்பான சொற்கள். "பழம்" என்பது "பளம்" என ஒலிப்பதும் வழக்கே. ஏட்டுத்தமிழை அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வாளர் வழக்கையும் நோயென்று குறித்துக்கொள்வார்.

மைசூரில் 1965இல் பேச்சு, செவிப்புலன் ஆகியவற்றுக்கென அகில இந்திய நிறுவனம் எழுந்தது. நம் நாட்டில் 1990களின் பிற்பகுதியில் களனிப் பல்கலைக்கழகம் இத்துறையிற் கற்பிக்கத் தொடங்கியது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ மருத்துவக் கல்வியும் உண்டு, மொழியியலும் உண்டு. விபுலானந்தர் பெயர்தாங்கிய இசை, நாடகக் கல்வி நிறுவனமும் உண்டு. மருத்துவரும் மொழியியலாளரும் அண்ணாவியாரும் ஒருங்கமர்ந்தால் ஆய்வுக்கு வேண்டிய கருவிகளுட் பெரும்பாலன கைவசமாகும்.

முதற்பணி எளியது: எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நலமாயுள்ள முதியோரின் நாட்பேச்சைப் பதிந்து வைத்தல். நலமான பேச்சு எதுவெனத் தெளிந்த பின்னரன்றோ, குறையுற்ற பேச்சை அளக்கவும் திருத்தவும் இயலும்?