பாதை காப்போர்

இரும்பு வலிமை மிக்கது. ஆயினும் இருப்புப்பாதையைத் தாங்கி நிற்பது கல்லே. தென்னகத்தின் முதற் பயணியர் இரயில் 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ஓடிய நாள்தொட்டு இன்றளவும் இவ்வுண்மை மாறவில்லை. தண்டவாளத்தின் கீழே குறுக்குக்கட்டைகளும், அவற்றின் கீழே சல்லிக்கற்களும் அமைந்துள்ளன. வண்டிகள் ஓட ஓடக் கற்கள் நெகிழ்ந்து இடம்பெயரும், பாதை ஓரிடத்தில் தாழும், மற்றோரிடத்தில் விலகும். அவ்வப்போது அதனைச் சீர்ப்படுத்தாவிடின், விரைந்து செல்லும் வண்டிக்கு ஊறு நேரும்.

முற்காலத்தில் தொழிலாளர் வரிசையாக நின்று, இரும்புக் கருவிகளால் கற்களை இடித்துக் கட்டைகளின் அடியில் திணித்தனர். இன்று அப்பணியின் பெரும்பகுதியைச் சல்லி இறுக்கும் இயந்திரம் செய்கின்றது. அது தண்டவாளத்தைப் பற்றி உரிய உயரத்திற்குத் தூக்கும்; கோணலை நேர்செய்யும்; பின்னர்த் தன் எஃகு விரல்களைக் கற்களினுள் இறக்கும். நொடிக்கு ஏறத்தாழ 35 முறை அதிரும் அவ்விரல்கள், இருபுறமிருந்தும் நெருங்கிக் கட்டையின் அடியில் கற்களை இறுக்கும்.

இத்துணைப் பெரிய இயந்திரத்தை இயக்குபவர்க்கு உடல் வலிமையினும் கூர்ந்த பார்வையே மிகுதியும் வேண்டும். விரல்கள் சற்றே பிறழ்ந்து இறங்கினாலும் காங்கிரீட்டுக் கட்டை சிதையும். அவர் பணிபுரிவதற்கென வண்டிகளை நிறுத்தி, பகலிலோ இரவிலோ சிறிது நேரம் ஒதுக்கப்படும். அந்நேரம் கடப்பதற்குள் வேலையை முடித்து, கருவிகளை மேலே தூக்கிப் பூட்டிப் பாதையை விட்டு நீங்குதல் வேண்டும்.

நேரத்தினும் கடுமையான சோதனை ஒன்று உண்டு, அது வெயில். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள தண்டவாளம், வெப்பம் 30 பாகை உயர்ந்தால், தடையில்லாவிடத்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளும். நீளமாகப் பற்றவைக்கப்பட்ட தண்டவாளத்திற்கோ நீள வழியில்லை. அதன் உந்துவிசையைக் கட்டைகளும் கற்களுமே அடக்கி நிற்கின்றன. கற்களைக் கிளறினால் அப்பிடி சில காலம் தளரும். பாதை பக்கவாட்டில் நெளியவும் கூடும். ஆதலின், வரையறுத்த வெப்பத்தைக் கடந்தபின் இப்பணியைச் செய்யலாகாது என்பது விதி.

அரிதிற் கிடைத்த நேரம் கழிந்துகொண்டிருக்கும். குறித்த தொலைவோ முடிந்திராது. ‘இன்னும் பத்துக் கட்டைகள்தாமே!’ என்று மனம் தூண்டும். அவ்வேளையில் வெப்பமானியை நோக்கி, மேற்பார்வையாளருக்கு அறிவித்து, இயந்திரத்தை நிறுத்துபவரே சிறந்த இயக்குநர் ஆவார். வேலை குறைந்ததே என்னும் குறை ஒரு நாளில் தீரும். உயிர்க்கு நேரும் இழப்போ என்றும் தீராது.

பணி நடந்த பாதையில் முதல் வண்டி மெல்லவே செல்லும். கற்கள் நன்கு இறுகிய பின்னரே வண்டிகள் முன்போல் விரையும். வண்டியினுள் தாய் மடியில் குழந்தை துயிலும். முதியவர் சாளரத்தருகே கண்ணயர்வார். பாதையைச் செம்மை செய்தவரை அவர்கள் அறியார். அவர்தம் கலையாத உறக்கமே அவருடைய உழைப்புக்கு வாய்த்த நற்சான்று ஆகும்.