சவுலுக்காகப் பேசியவர்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 9:26-28, 11:22-26



கல்லூரி விடுமுறை நெருங்கும் நாட்களில் நம் சபையின் வாலிபப் பிள்ளைகள் பலரும் ஒரே ஜெப விண்ணப்பத்தோடு வருகிறார்கள்: "ஐயா, இன்டர்ன்ஷிப் கிடைக்க ஜெபித்துக்கொள்ளுங்கள்." படிக்கும்போதே சில வாரங்கள் ஒரு தொழிலிடத்தில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். பொறியியல் படிக்கும் மகன் சுரங்கத்தையோ அனல்மின் நிலையத்தையோ நாடுகிறான். வணிகவியல் படிக்கும் மகள் ஆடிட்டர் அலுவலகத்தைத் தேடுகிறாள். விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் அவர்களிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே யாரையாவது தெரியுமா?" என்பதே. நகரியத்தில் வாழும் அதிகாரியின் பிள்ளைக்கும், வடக்குத்தில் கூலிவேலை செய்பவரின் பிள்ளைக்கும் மதிப்பெண் ஒன்றாக இருக்கலாம். அறிமுகம் ஒன்றாக இருப்பதில்லை.

வேதத்திலே சவுலும் இந்த நிலையில் நின்றார். அவர் கமாலியேலின் பாதத்தருகே கற்றவர். தமஸ்குவிலே துணிவோடு பிரசங்கித்தவர். ஆயினும் எருசலேமுக்கு வந்து சீஷரோடு சேர முயன்றபோது, அவர்கள் அவரை நம்பாமல் பயந்தார்கள். கல்வியும் அழைப்பும் இருந்தும் கதவு திறக்கவில்லை. அப்போது பர்னபா அவரை அப்போஸ்தலரிடத்தில் அழைத்துச் சென்று, அவர் வழியிலே கர்த்தரைக் கண்டதையும் தமஸ்குவிலே செய்ததையும் விவரித்தார்.

இதைச் சிபாரிசு என்று எண்ணிவிடாதிருங்கள். சிபாரிசு தகுதியுள்ள ஒருவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டு நம்மவனை நிறுத்துகிறது. பர்னபா எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. சவுலைப்பற்றிய உண்மையை மட்டும் சொன்னார். தம் நற்பெயரைச் சவுலுக்காகப் பிணையாக வைத்தார். அது சாட்சி.

நம் ஊரார் இதை எளிதில் உணரலாம். நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். 1961-இல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியிலிருக்கும் நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்துவதால், அதை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் பத்திரமாகத் தோண்ட முடியும். ராட்சத இயந்திரங்களை எல்லாரும் வியந்து பார்க்கிறார்கள். பம்புகளை யார் பார்க்கிறார்கள்? எருசலேம் சபையின் உள்ளத்திலே இருந்த பயத்தின் அழுத்தத்தைப் பர்னபா குறைத்தார். அதன் பின்பே சவுல் அவர்களோடு தாராளமாகப் போக்குவரத்தாயிருந்தார்.

பர்னபா அத்தோடு நிற்கவில்லை. அந்தியோகியாவிலே ஊழியம் பெருகியபோது, தர்சு பட்டணம் வரை சென்று சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்தார். இருவரும் ஒரு வருஷம் முழுவதும் சேர்ந்து போதித்தார்கள். கதவைத் திறந்தவரே வேலையையும் பகிர்ந்துகொண்டார். பிற்பாடு பவுலின் பெயர் முன்னே எழுதப்பட்டபோதும், பர்னபா வருந்தியதாக வேதம் கூறவில்லை.

சபையின் மூப்பர்களே, பணியிலிருப்போரே, ஓய்வு பெற்றோரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளில் யார் எதைப் படிக்கிறார்கள் என்று கேட்டறியுங்கள். எங்கே, எப்போது, எந்தக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் அறிந்த உண்மையை மட்டும் அவர்களுக்காகப் பேசுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைக்காக மட்டுமல்ல, உங்களிடம் வந்து கேட்கத் தயங்கும் பிள்ளைக்காகவும் பேசுங்கள்.

வாலிபப் பிள்ளைகளே, கல்லூரியின் பரிந்துரைக் கடிதத்தை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனம் ஒன்றையே நோக்கிக் காத்திராமல், கடலூர் சிப்காட் தொழிற்சாலைகளையும், பண்ருட்டியின் முந்திரி ஆலைகளையும், அருகிலுள்ள லேத் பட்டறைகளையும் அணுகுங்கள். சிறிய இடத்திலே கருவியைக் கையில் கொடுத்துக் கற்றுத் தருவார்கள். பட்டமோ டிப்ளமாவோ முடித்தபின், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையோடு பயிற்சி பெறவும் வழியுண்டு. ஒன்றை மட்டும் செய்யாதிருங்கள்: ஒருநாளும் போகாத பயிற்சிக்குப் பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்காதிருங்கள். உங்களுக்காக ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சொல்வதற்கு உங்களிடத்தில் உண்மை இருக்க வேண்டும். தமஸ்குவிலே சவுல் செய்தது ஒன்று இருந்தபடியால்தான் எருசலேமிலே பர்னபாவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது.

ஜெபம்: அன்பின் பிதாவே, கதவருகே காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளை நினைத்தருளும். அவர்களுக்கு உண்மையுள்ள கைகளையும், எங்களுக்குப் பர்னபாவின் மனதையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.