போய்க் கூட்டிட்டு வா!

அத்தான் வீட்டுக்கு அன்றைக்குத் தபாலில் ஒரு கார்டு வந்திருந்தது. ஒரு பக்கம் பேனாவால் வரைந்த ஒற்றைப் பனைமரம். மறுபக்கம் ரெண்டே வரி. 'நலம். டிசம்பர் ஒண்ணாம் தேதி எங்க மேளா. இந்தத் தடவை லீவுக்கு வரலை.'

எழுதியவன் அவருடைய ஒரே பையன். என் அக்கா மகன். சாந்திநிகேதனில், விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் கலா பவனத்தில் ரெண்டாவது வருஷம் படிக்கிறான்.

"எதிர்வீட்டுப் பையன் பெங்களூர்லேர்ந்து மாசாமாசம் பணம் அனுப்பறான். என் புள்ள பனைமரம் அனுப்பறான்! மாப்ளே, நீ பாங்க்ல இருக்கறவன். நாலும் தெரிஞ்சவன். பக்குவமா எடுத்துச் சொல்லிக் கூட்டிட்டு வந்துடு. இங்க பி.காம்ல சேர்த்துடலாம்" என்று அத்தான் டிக்கெட்டையும் கையில் கொடுத்துவிட்டார்.

பாவம், அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. பிளஸ் டூ முடித்த வருஷம் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிக்கு நான் விண்ணப்பம் வாங்கி வந்தேன். எங்கப்பா அதை ரெண்டு நிமிஷம் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. திருப்பி, பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுதினார். துவரம்பருப்பு ரெண்டு கிலோ. அவ்வளவுதான். நான் பி.காம்.

(இன்றைக்கும் கவுன்ட்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் பழைய சலான் பின்பக்கம் மேனேஜரை வரைவேன். மூக்கு மட்டும் அச்சு அசலாக வரும்.)

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி. ஹௌராவில் வேறு வண்டி பிடித்தால் மூணு மணி நேரத்துக்குள் போல்பூர். ரயிலில் முக்கால்வாசிப் பேர் தோளில் ஜோல்னாப் பை. மீதிப் பேர் கையில் ஜால்முரி பொட்டலம். நடுவே ஒரு பாவுல் பாடகர் ஒற்றைத் தந்தியை மீட்டிக்கொண்டே ஏறினார். அர்த்தம் புரியவில்லை. ஆனாலும் இறங்கிப் போனதும் பெட்டி வெறிச்சோடிவிட்டது.

ஸ்டேஷனில் அக்கா மகன் நின்றிருந்தான். தாடி. சட்டையில் களிமண். 'சரிதான், அத்தான் பயந்தது நியாயம்' என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் பேட்டரி ஆட்டோவுக்கு 'டோட்டோ' என்று பேர். அதில் ஏறிக்கொண்டோம். செம்மண் சாலை, ரெண்டு பக்கமும் மரம்.

மரங்களின் கதை அவன்தான் சொன்னான். 1863-ல் தாகூரின் அப்பா தேவேந்திரநாத் இந்தப் பொட்டல்காட்டில் ரெண்டு 'சாதிம்' மரத்தடியில் இளைப்பாறினாராம். மனசுக்குப் பிடித்துப்போய் இருபது பிகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். சாதிம் வேறொன்றுமில்லை, நம்ம ஏழிலைப்பாலைதான். 1901-ல் அங்கே தாகூர் அஞ்சே அஞ்சு பையன்களோடு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 1919-ல் கலா பவனம், 1921-ல் விஸ்வபாரதி. 2023-ல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

"பட்டமளிப்பு விழாவுல இந்த ஏழிலைப்பாலை இலையைத்தான் மாமா கொடுப்பாங்க."

"உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பீஸ் கட்டினது இலை வாங்கவான்னு கேப்பார்."

மரத்தடியில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள், அதுதான் இங்கே படிப்பு என்று நானும் நினைத்திருந்தேன். மரத்தடி வகுப்பு நிஜம்தான். வாத்தியாரை 'சார்' என்று கூப்பிடுவதில்லை. பேரோடு 'தா', 'தி' சேர்த்தால் போதும். அண்ணன், அக்கா மாதிரி! ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் புதன்கிழமை லீவு விடுவது ஆதிகாலத்து வழக்கம். ஆனால் பாட்டு, கூத்து, தூக்கம் என்று என் மனசில் இருந்த படத்தை அன்றைக்கு மத்தியானமே அழித்துவிட வேண்டியிருந்தது.

காலை வெயில் ஏறுமுன் ஸ்கெட்ச் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். சந்தை, மாடு, கோப்பாய் ஆற்றங்கரை, எதிரே வருகிற ஆள்... எதையாவது வரைந்தே தீர வேண்டும். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, நெசவு, மண்பாண்டம் என்று கொஞ்சம் கொஞ்சம் எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டு அப்புறம்தான் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் கலை வரலாறு வேறு. களிமண் பிசைந்து பிசைந்து அவன் உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. நானும் என் கையைப் பார்த்துக்கொண்டேன். இருபத்தஞ்சு வருஷம் நோட்டு எண்ணிய கை. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

"இந்தக் கார்டு விவகாரம் என்னடா?"

"நந்தலால் போஸ் வழக்கம் மாமா. பையில எப்பவும் கார்டு வச்சிருப்பார். தோணினப்ப வரைஞ்சு சிநேகிதங்களுக்கும் மாணவர்களுக்கும் அனுப்பிடுவார்."

நந்தலால் போஸ் கலா பவனத்தைக் கட்டி வளர்த்தவர். நம்ம அரசியல் சட்டத்தின் மூலப்பிரதியில் பக்கங்களை அலங்கரித்த படங்கள் அவரும் அவருடைய மாணவர்களும் போட்டவை. அவருடைய பிறந்தநாள் டிசம்பர் 3. அதையொட்டி 1, 2 தேதிகளில் நந்தன் மேளா. மாணவர்களும் வாத்தியார்களும் தங்கள் கையால் செய்ததைக் கடை போட்டு விற்கிறார்கள். காலண்டர், மண் பொம்மை, அச்சுப்படம், மணிமாலை... நம்ம பையன் மண்குவளைக் கடையில் நின்று வங்காளத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஒரு அம்மாள் கேட்ட விலைக்குத் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். அப்படியே அத்தான்!

ராத்திரி காசை எண்ணிக் கொடுத்தேன். (நமக்குத் தெரிந்த கலை!)

"பரவாயில்லையே, இதுல உனக்கு எவ்வளவுடா?"

"எனக்கு எதுக்கு மாமா? கஷ்டப்படற மாணவர்களுக்கான நிதிக்குப் போகும்."

அத்தானிடம் சொல்லக்கூடாத சங்கதிகளில் ரெண்டாவது.

மறுநாள் வளாகம் முழுக்க நடத்தியே காட்டினான். தார் பூசிய கறுப்பு மண்வீடு, சுவரெல்லாம் புடைப்புச் சிற்பம். அப்புறம் பினோத் பிஹாரி முகர்ஜி செய்த ஓட்டுச் சுவரோவியம். அவருக்குப் பிறவியிலேயே பார்வை மங்கல். ஐம்பதுகளில் முழுசாகப் போய்விட்டது. இந்தச் சுவரைச் செய்தது 1972-ல்! தொட்டுத் தொட்டுச் செய்திருக்கிறார். அவரைப் பற்றி சத்யஜித் ரே ஒரு டாகுமென்டரி எடுத்தார். ரேயும் அவரிடம் படித்தவர்தான்.

கொஞ்சம் தள்ளி, ஒரு கட்டடம் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் ஆளும் மிருகமுமாக ஒரே கூட்டம். கே.ஜி. சுப்ரமணியன் வரைந்தது. கேரளத்தில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை பிரசிடென்சி காலேஜில் எகனாமிக்ஸ் படித்தவர். 1942 போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய், அப்புறம் 1944-ல் இங்கே வந்து சேர்ந்தார். எண்பது வயசு தாண்டியும் சாரத்தில் ஏறி இந்தச் சுவரை மறுபடி வரைந்தாராம். எகனாமிக்ஸ் என்றதும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. காமர்ஸுக்குப் பக்கத்து வீடு அல்லவா?

ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது வேறொன்று. ராம்கிங்கர் பெய்ஜ் 1956-ல் செய்த 'மில் கால்'. வெண்கலம் வாங்க வசதி இல்லாத ஊர். சிமென்ட்டையும் செம்மண் சரளையையும் குழைத்துச் செய்துவிட்டார். சங்கு ஊதிவிட்டது. ரெண்டு சந்தால் பெண்கள் வேலைக்கு ஓடுகிறார்கள். ஈரப் புடவை. காய வைக்க நேரமில்லை. ஓட்டத்திலேயே காற்றில் பறக்கவிட்டுக் காய வைக்கிறார்கள். பின்னாலேயே ஒரு குழந்தையும் ஓடுகிறது.

சார், நீங்களும் நானும் தினம் காலையில் இப்படித்தானே ஓடுகிறோம்? ஈரத் தலை, வாயில் இட்லி, கையில் டிபன் பாக்ஸ். இதைச் சிலையாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்தப் பெண்கள் முகத்தில் அலுப்பும் இல்லை. அதுதான் உறைத்தது.

"டெல்லி ரிசர்வ் பாங்க் வாசல்ல இருக்கிற யட்சனும் யட்சியும் இவர் செஞ்சதுதான் மாமா. முடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

எங்க தலைமைப் பீடத்து வாசலிலேயே நிற்கிறார்கள்! ஒரு சர்க்குலரிலும் வந்ததில்லை.

சாயங்காலம் அத்தான் போன்.

"என்ன மாப்ளே, கிளம்பிட்டீங்களா?"

"அத்தான்... அவன் வரலை. நானும் கூப்பிடலை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"படிச்சா என்ன சம்பளம் கிடைக்கும்னாவது கேட்டியா?"

"சத்யஜித் ரே இங்க ரெண்டு வருஷம் படிச்சுட்டு ஒரு விளம்பரக் கம்பெனியில சேர்ந்தார் அத்தான். ஆரம்பச் சம்பளம் எண்பது."

"எண்பதாயிரமா?"

"எண்பது ரூபா. 1943-ல."

டொக்! வைத்துவிட்டார். நான் பொய் சொல்லியிருக்கலாம். ஸ்கூல் டிராயிங் மாஸ்டர், ஜவுளி டிசைன், சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்ட் என்று வழிகள் உண்டு. ஆனால் எதற்கும் உத்தரவாதம் இல்லை. அதையும் அவனிடமே கேட்டேன். "தெரியும் மாமா" என்றான். அவ்வளவுதான். எனக்கு அந்த வயசில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ரயில் ஏறும்போது ஒரு வெற்றுக் கார்டை என் சட்டைப் பையில் செருகினான். "வழியில ஏதாவது வரைங்க."

போல்பூரிலிருந்து ஹௌரா வரை முட்டி மோதி வரைந்தேன். வண்டி ஆட்டத்தில் கோடு ஒருபக்கம், கை ஒருபக்கம். மறுபக்கம் அத்தானுக்குப் பொடி எழுத்தில் எல்லாவற்றையும் எழுதி, ஹௌரா தபால் பெட்டியில் போட்டேன்.

பத்து நாள் கழித்து அக்கா பேசினாள். "ஏண்டா, கார்டுல ரெண்டு பொம்பளைங்க குழாயடியில அடிச்சுக்கற மாதிரி இருக்கே, யாருடா அது?"

"வேலைக்குப் போறாங்கக்கா. அத்தான் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. பனைமரத்துக்குப் பக்கத்துல ஆணியில மாட்டிட்டார். அதுக்கு முன்னாடி மளிகை லிஸ்ட் எழுதலாம்னு திருப்பிப் பார்த்தார். நீதான் எடமே விடாம எழுதித் தொலைச்சிருக்கியே... வேற பேப்பர் தேடிட்டிருக்கார்."