பதிவேட்டில் விழுந்த கண்

வரவுப் பதிவேட்டைச் சலிப்போடு நிரப்பும் நமக்கு, அமெரிக்காவின் அற்லாண்டா நகரிலுள்ள அரசாங்க நோய்த்தடுப்பு நிலையத்திற் பணியாற்றிய சாண்ட்ரா போர்ட் நினைவுக்கு வருவதுண்டு. அவர் வைத்தியரல்லர், மருந்து அனுப்பும் ஊழியர்.

நியூமோசிஸ்டிஸ் எனும் கிருமி, நோயெதிர்ப்புச் சக்தி குன்றியோரின் சுவாசப்பையையே பற்றும். காய்ச்சல், வறட்டிருமல், மூச்சுத்திணறல் என்பவற்றை மட்டும் கொண்டு அதனை இனங்காண முடியாது. சாதாரண வளர்ப்பூடகத்தில் அது வளர்வதுமில்லை. அன்று சுவாசப்பைக்குள் குழாய் செலுத்தி, கழுவிய நீரையோ இழையத்தையோ எடுத்துச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியிற் பார்க்கவேண்டியிருந்தது. அது பங்கசு என்பதே 1988இல்தான் தெளிவாயிற்று!

அதற்குரிய பென்டமிடின் மருந்தை அன்று அந்நாட்டில் அந்நிலையமே வழங்கியது. கேட்கும் வைத்தியர்கள் புற்றுநோய், உறுப்புமாற்றம் என ஏதேனுமொரு காரணம் குறிப்பிடுவர். 1981இல் காரணம் புலப்படாத விண்ணப்பங்கள் வரலாயின. போர்ட் அதைக் கவனித்து மேலதிகாரிக்கு எழுதினார்.

அவ்வாண்டு யூன் 5இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஐந்து இளைஞர்களைப் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. இருவர் அதற்குள் இறந்திருந்தனர். ஐவரும் தன்பாலின விருப்புடையோர். சமூகம் முகஞ்சுளித்து ஒதுக்கிய மனிதர் அவர்கள். பின்னர் எயிட்ஸ் எனப் பெயர் பெற்ற அந்நோயைப் பற்றிச் சனாதிபதி றேகன் பகிரங்கமாக வாய்திறந்தது 1985 செப்டெம்பரில். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தனர்.