இன்னும் ஒரு கதவு

கதவைத் திறந்தால் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், கழுத்தை இறுக்கிய டை. தலையில் மட்டும் சைக்கிள் ஹெல்மெட். இன்டர்வியூவுக்குக் கிளம்பியவர்கள் வழியில் சைக்கிள் ரேஸில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தார்கள்.

2006 நவம்பர். தைவானில் ஷின்சு என்கிற ஊர். அங்கே சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். ஷின்சுவுக்கு 'காற்று நகரம்' என்றே ஒரு பெயர் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் குடை என்பது கையில் பிடிக்கிற பொருள் அல்ல, துரத்திப் பிடிக்கிற பொருள். அந்தக் காற்றில் காயவைக்கிற அரிசிச் சேவைதான் ஊரின் பெருமை. நம்ம ஊர் சேவைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

என் வீடு நாலாவது மாடி. சீன மொழியில் நாலு என்று சொன்னால் சாவு என்பதுபோல ஒலிக்கும். அதனால் வாடகை கொஞ்சம் குறைச்சல். எனக்கென்ன, நான் தமிழில்தானே மாடி ஏறுகிறேன்!

பையன்களில் இளையவன் சீனத்தில் ஏதோ ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிம்மதியாக ஆங்கிலத்துக்குத் தாவினான்.

"மூணு மாடி முடிச்சிட்டோம் பிரதர். ராத்திரி ஒன்பது மணிக்கு ரூமுக்குத் திரும்பணும். படி இறங்க ஆரம்பிச்சுட்டோம். அப்ப உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு, இன்னும் ஒரு கதவுன்னு சொல்லுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அம்மாவுக்குப் பல்லி சொல்லும். நல்ல காரியம் பேசும்போது சுவரில் கெவுளி சத்தம் கேட்டால் போதும், தரையில் விரலால் தட்டி, "பாத்தியா, சொல்லுது" என்பாள். அமெரிக்காவிலும் பல்லி உண்டு போலிருக்கிறது!

சட்டைப் பையில் கறுப்பு பேட்ஜ். அதில் சீன எழுத்தில் அவன் பெயரும், 'ஜாங்லாவ்' என்ற பட்டமும். ஆங்கிலத்தில் எல்டர். நம்ம பைபிள் தமிழில் மூப்பர். மீசை சரியாக அரும்பாத மூப்பருக்கு வயது பத்தொன்பது.

அப்போது எல்லோரும் அவர்களை மார்மன்கள் என்றுதான் சொல்வோம். அந்தச் செல்லப்பெயர் வேண்டாம், திருச்சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று அவர்கள் தலைவர் 2018-ல் கேட்டுக்கொண்டார். 1830-ல் அமெரிக்காவில் தொடங்கிய சபை. தலைமையகம் யூட்டா மாநிலத்தில். அந்த வீட்டுப் பையன்கள் இரண்டு வருஷம் எங்கே அனுப்பினாலும் ஊழியத்துக்குப் போகிறார்கள். பெண்களுக்கு ஒன்றரை வருஷம். பையன்களுக்கு அப்போது பத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டும். 2012-ல் அதைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பையன்கள் அப்போது மாதம் 400 டாலர் கைக்காசைக் கட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. இவன் ஐடஹோவில் உருளைக்கிழங்கு வயலில் பாசனக் குழாய்களை நகர்த்தி நகர்த்திச் சேர்த்த பணத்தில் வந்திருந்தான். உள்ளங்கையில் காய்ப்பு அப்போதும் இருந்தது.

அன்றைக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். மதம் மாறுகிற உத்தேசம் இல்லை என்பதையும் நேராகவே சொல்லிவிட்டேன். "பரவாயில்ல பிரதர், மறுபடி வரலாமா?" என்றான். வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரப் பாட்டி. தைவானிய மொழியில் பாட்டிக்கு 'அமா' என்று பெயர். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அமா இவர்கள் சபையில் நடந்த இலவச ஆங்கில வகுப்புக்குப் போவாள். மத விஷயம் காதில் ஏறவில்லை. 'குட் மார்னிங்' ஏறிவிட்டது, ராத்திரியிலும் அதையே சொல்வாள். பிரச்னை எல்லாம் டீயில்தான். ஷின்சு பக்கத்து மலைகளில் பூச்சி கடித்த இலையிலிருந்து ஒரு டீ தயாரிக்கிறார்கள். கடித்ததால்தான் அந்தத் தேன் மணமாம், விலையும் அதற்கேற்ப. பேரப்பிள்ளை வயசுப் பையன்கள் குளிரில் நடுங்குகிறார்களே என்று அமா அதைப் போட்டுக்கொண்டு வந்தால், இவர்கள் கைகூப்பாத குறையாக மறுத்துவிடுவார்கள். டீ, காபி, மது, புகையிலை நான்கும் கூடாது. அந்த விதிக்கு வேர் 1833-ல். டீ விளைகிற நாட்டுக்கு டீ குடிக்காதவனை அனுப்புவது, திருநெல்வேலிக்கு அல்வா சாப்பிடாத மாப்பிள்ளையை அனுப்புகிற மாதிரி.

அமா கெட்டிக்காரி. மறுவாரம் 'டோங்குவா சா' கொடுத்தாள். சா என்றால் டீ. ஆனால் அதில் தேயிலை கிடையாது. வெண்பூசணியும் சர்க்கரையும் காய்ச்சிய பானகம். எனக்கு உடனே பொறி தட்டியது. ஊரிலிருந்து கொண்டுவந்த சுக்கும் உடன்குடிக் கருப்பட்டியும் டப்பாவில் இருந்தன. சுக்குக் காபி போட்டேன். பெயரைக் கேட்டதும் இருவரும் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்கள். "பேருதான் காபி. காபிக்கொட்டை இதை எட்டிக்கூடப் பார்த்ததில்லை" என்று சத்தியம் பண்ணாத குறை. இளையவன் ஒரு வாய் குடித்தான். கண்ணில் தண்ணீர். பிறகு டம்ளரை மறுபடி நீட்டினான்.

அவன் நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலை ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி உடற்பயிற்சி. குளியல், சாப்பாடு. பிறகு வேத வாசிப்பு, ஜோடியோடு சேர்ந்து பாடம், சீன மொழி. அப்புறம் சைக்கிள். ராத்திரி பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். டி.வி., சினிமா, காதலி எதுவும் கூடாது. ஜோடியை விட்டுத் தனியாக இருக்கிற ஒரே இடம் பாத்ரூம். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கறிகாய் வாங்க, வீட்டுக்கு ஈமெயில் எழுத. போன் வருஷத்துக்கு இரண்டே தடவை: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். (2019-லிருந்துதான் வாராவாரம் பேசலாம் என்று ஆக்கினார்கள்.)

சீன மொழி அவனைப் படுத்திய பாடு தனி. 'ஒன்று கேட்கலாமா' என்பதற்கும் 'தயவுசெய்து முத்தம் கொடுங்கள்' என்பதற்கும் நடுவே சின்ன சுருதி வித்தியாசம்தான். முதல் மாதம் எத்தனை வீட்டு வாசலில் எதைக் கேட்டானோ, அவனுக்கே தெரியாது.

"ஒரு நாளைக்கு எத்தனை கதவு தட்டுவ தம்பி?" என்றேன் ஒருநாள். தம்பி என்றால் என்னவென்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"எண்ண மாட்டேன் பிரதர். எண்ணினா அழுகை வரும்."

அந்த உள்ளே கேட்கிற குரலைப் பற்றி நான் நோண்டிக்கொண்டே இருப்பேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். முச்சந்தியில் சைக்கிளை நிறுத்தி இடமா வலமா என்று கண்ணை மூடிக் கேட்பானாம். பின்னால் ஸ்கூட்டர்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஒருமுறை 'இடது' என்று தோன்றியது. போனால் சந்து ஒரு வாத்துக் கொட்டகையில் முடிந்தது. இன்னொரு தடவை, 'நில்' என்று தோன்றி நின்ற இடத்தில் ஒரு கிழவர் ஸ்கூட்டரோடு விழுந்து கிடந்தார். தூக்கிவிட்டார்கள்.

"ஆனா, யாரா இருந்தாலும் நின்னு தூக்கியிருப்பாங்க இல்ல? அது தூண்டுதலா, எங்கம்மா வளர்த்த விதமா, எனக்குத் தெரியல" என்றான்.

பத்தொன்பது வயசில் இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க மாட்டேன். அன்றோடு கிண்டலை நிறுத்திவிட்டேன்.

பைபிளில் எலியா என்ற தீர்க்கதரிசியின் கதையைச் சொன்னான். மலையில் பெருங்காற்று வீசும், கடவுள் அதில் இல்லை. பூமி அதிரும், அதிலும் இல்லை. நெருப்பிலும் இல்லை. கடைசியில் மெலிசாக ஒரு சத்தம். அதுதான். "அப்ப உன்னைத் தப்பான ஊருக்கு அனுப்பிட்டாங்க. இந்தக் காத்துல மெலிசா எது கேக்கும்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். சீனியர் மூப்பர் மட்டும் முறைத்தார். அவருக்கு இருபத்தொன்று.

அந்த டிசம்பர் 26-ம் தேதி ராத்திரி பூமியும் அதிர்ந்தது. தைவானின் தெற்கு முனையில் பெரிய பூகம்பம். கடலுக்கடியில் கேபிள்கள் அறுந்து, வாரக்கணக்கில் இன்டர்நெட் நொண்டியடித்தது. அதற்கு முதல் நாள்தான் கிறிஸ்துமஸ் போன் பேசியிருந்தான். தாத்தாவும் லைனில் வந்தாராம். குழாய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தது அவர்தான். "உருளைக்கிழங்கு கிடைக்குதாடா அங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனைக் கொடுத்துவிட்டாராம்.

பிப்ரவரியில் தாத்தா இறந்துபோனார்.

சேதி மிஷன் தலைவர் மூலமாக வந்தது. வீட்டோடு ஒருமுறை பேசவும் விட்டார்கள். இப்படிப்பட்ட நேரத்திலும் ஊருக்குப் போகாமல் இருப்பதுதான் பெரும்பாலும் வழக்கமாம். இவனும் இருந்துவிட்டான். நான்கு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார்கள். அன்று காற்று ஜன்னலைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. சீனியர் சோபாவில் உட்கார்ந்த வாக்கில் தூங்கிப்போனார். பாவம், அவரும் பையன்தானே. இவன் சமையலறை வாசலில் நின்றுகொண்டான். நான் சுக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"போகவா, இருக்கவான்னு கேட்டேன் பிரதர். மூணு ராத்திரி முழங்கால் போட்டுக் கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமே இல்ல. காலையில ஆறரைக்கு அலாரம் அடிச்சுது. எழுந்தேன். ஷூ போட்டேன். சைக்கிள் எடுத்தேன். அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்து, "வீட்டுக்கு எழுதற ஈமெயில்ல இதை எழுத முடியாது. எங்கம்மா அதைப் பத்துப் பேருக்குப் படிச்சுக் காட்டுவாங்க" என்றான்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அதற்குப் பதிலாக, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

2005 செப்டம்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திடீரென்று அப்பாவிடம் பேச வேண்டும்போல இருந்தது. காரணம் எதுவும் இல்லை. வாரம் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு வந்த குற்ற உணர்ச்சிகூட இல்லை. பேசு, இப்பவே பேசு என்று வயிற்றில் ஒரு பிசைவு. போன் கார்டில் காசு தீர்ந்திருந்தது. தெருமுனை செவன் இலவனில் கார்டு கிடைக்கும். முன்னூறு அடி தூரம். வெளியே மழை. நாளைக்குப் பேசிக்கலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். விடிகாலையில் அண்ணன் போன் பண்ணினான். ஒருத்தரும் எதிர்பார்க்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான்.

"நான் சாமி கும்பிடறவன்கூட இல்ல தம்பி. எனக்குச் சொன்னது. நான் எழுந்திருக்கல. நீ முழங்கால் போட்டுக் கேக்குற, உனக்குச் சொல்லல. இதுல என்ன நியாயம் இருக்கு, சொல்லு."

அவன் பதில் சொல்லவில்லை. வேதத்திலிருந்து ஏதாவது எடுத்து விடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் உங்கம்மாகிட்ட எப்பல்லாம் பேசறீங்க?" என்று கேட்டான்.

"மாசம் ஒரு தடவை. போன் எடுத்தா அப்பா ஞாபகம் வருது."

"ம்" என்றான். அவ்வளவுதான். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு சீனியரை எழுப்பினான். ஹெல்மெட் மாட்டிக்கொண்டார்கள். மாடியிலிருந்து பார்த்தேன். எதிர்க்காற்றில் இரண்டு சைக்கிளும் நகரவே இல்லை. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தார்கள். டை தோளுக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு செவன் இலவனுக்குப் போய்க் கார்டு வாங்கி வந்தேன். அங்கே மணி பத்து. நம்ம ஊரில் ஏழரை.

"என்னய்யா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா, சும்மாதான்."

அம்மா நம்பவில்லை. ஆனாலும் நாற்பது நிமிஷம் பேசினாள். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி, அண்ணன் மகன் பரீட்சை, அப்பாவின் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது. கார்டு தீருகிறவரைக்கும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு இடமாற்றம் வரும். அடுத்ததில் அவன் பெயர் வந்துவிட்டது. கிழக்குக் கரைப் பக்கம் எங்கோ. நான் லேபில் இருந்த நேரத்தில் சொல்லிக்கொள்ள வந்திருக்கிறான். அமாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அமா வெண்பூசணிக் கட்டி இரண்டு கொடுத்தனுப்பினாளாம்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். சீனியரும் ஒரு புது மூப்பரும். இவன் இன்னும் சின்னவன், காதெல்லாம் சிவந்திருந்தது. கையில் ஒரு தடிமனான ஃபைல். ஏரியா புக் என்பார்கள். எந்த வீட்டில் யார், என்ன பேசினோம் என்று போகிறவர்கள் வருகிறவர்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போவது.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கான்?" என்றேன்.

புதுப் பையன் சீனியரைப் பார்த்தான். சீனியர் தலையாட்டியதும் விரல் வைத்துப் படித்தான்.

"நாலாவது மாடி. இந்தியர். பாடம் வேண்டாம்னு சொல்லிட்டார். ஆனாலும் போங்க. காபின்னு ஒண்ணு குடுப்பார், அது காபி இல்ல, தைரியமா குடிக்கலாம். அவங்க அம்மா எப்படி இருக்காங்கன்னு கேளுங்க."

உள்ளே வரச் சொல்லிவிட்டு சுக்கு டப்பாவைத் தேடினேன்.