துரைத் தொப்பியும் நெட்டி மாலையும்

மெட்ராஸ் போய்வந்தால் சின்னத் தாத்தா தின்பண்டம் வாங்கி வர மாட்டார். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் விற்பவர்களோடு அரைநாள் மல்லுக்கட்டிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய தொப்பி ஒன்றோடு கும்பகோணம் ஸ்டேஷனில் இறங்குவார். "தொரை வந்துட்டார்" என்பாள் பாட்டி. அந்தக் குரலில் மரியாதை இருக்காது.

யுத்தகாலத்தில் மிலிட்டரி ஸ்டோரில் கணக்கெழுதியவர் அவர். அங்கே பிடித்த பைத்தியம் இது. அவரிடம் மூன்று தொப்பிகள் இருந்தன, தகர டிரங்குப் பெட்டியில், அந்துருண்டை வாசனையோடு. ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் எடுத்து வைத்துத் துடைப்பார். துணியை நான் பிடித்துக்கொள்ளலாம். தொப்பியைத் தொடக் கூடாது.

காக்கி நிறத்தில் இருந்தது வுல்ஸ்லி. உள்ளே கார்க், மேலே ஆறு துண்டாகத் தைத்த துணி, பிடரி மறைய இறங்கும் விளிம்பு, சுற்றிலும் மடிப்பு மடிப்பாகப் பாகைத் துணி. உச்சியில் ஒரு குமிழ்; சூடு வெளியேற அதன் அடியில் இடைவெளி. தாத்தா முதலில் பார்ப்பது வெளிப்புறத்தை அல்ல. கவிழ்த்து, வியர்வைத் தோல்பட்டையை மெல்ல விலக்கி, சர்க்கார் சொத்து என்பதற்கான அம்புக்குறி முத்திரையைத் தேடுவார். இரண்டாவது வெள்ளை. அணிவகுப்பு நாளில் குமிழைக் கழற்றிவிட்டுப் பித்தளை முள் திருகுவார்களாம். எங்களுடையதில் முள் இல்லை, திருகும் ஓட்டை மட்டும்தான்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பார்க்கத் தடிமன், தூக்கினால் கனமே இல்லை. விளிம்பின் அடியில் கிளிப்பச்சைத் துணி.

ஒன்பது வயதில், ஓர் ஐப்பசி மத்தியானம், தாத்தா தூங்கும்போது அதை எடுத்து மாட்டிக்கொண்டு காவிரிப் படித்துறைக்குப் போனேன். கூட வந்த பையன்களுக்கு நான் கலெக்டர். மனு வாங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. வீடு வருவதற்குள் தொப்பி ஊறி, விளிம்பு காதுவரை தொங்கி, பசை விட்டுத் துணி தனியாக வந்துவிட்டது.

அடி விழும் என்று தூணுக்குப் பின்னால் நின்றேன். தாத்தா அடிக்கவில்லை. பிய்ந்த இடத்தில் விரலை விட்டு வெள்ளையாக ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "என்ன தெரியுதா? நெட்டிடா."

நம்பவே முடியவில்லை. மாட்டுப் பொங்கலன்று எங்கள் காளைகளுக்குக் கட்டும் மாலை நெட்டியில் செய்தது. பக்கத்து நரசிங்கம்பேட்டையிலிருந்து வரும். குளத்திலும் ஏரியிலும் தானாக முளைக்கும் செடி. தண்டின் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். அதை ஏடு ஏடாகச் சீவி, அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டித் துணி போர்த்தினால் துரைத் தொப்பி. சாயம் தோய்த்துக் கோத்தால் மாட்டுக்கு மாலை.

அந்தச் செடிக்கு வடக்கே சோலா என்று பெயர். சோலா தொப்பியை வெள்ளைக்காரர்கள் பலர் 'சோலார்' என்று சூரியனோடு முடிச்சுப்போட்டுக்கொண்டார்கள் என்பதைப் பிறகு படித்தேன். நம் ஊர் வெயில் வெள்ளைக்கார மண்டையைத் துளைத்து மூளையைக் கெடுத்துவிடும் என்று அவர்களுடைய டாக்டர்களே நம்பியிருக்கிறார்கள். (களையெடுக்கும் பெண்களின் மண்டையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.) இரண்டாம் உலகப்போரில் அதே வெயிலில் சாதாரணத் துணித் தொப்பியோடு சண்டை போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு அந்தப் பயமும் போனது, தொப்பியும் போனது.

மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அதைப் பார்க்கத் தாத்தா இல்லை. வுல்ஸ்லி இப்போது என் அலமாரியில் இருக்கிறது; பாகைத் துணியில் பூச்சி அரித்த ஓட்டை இரண்டு. வெள்ளைத் தொப்பியை, தாத்தா காரியம் முடிந்த கையோடு, வைக்கோல் பரப்பிப் பாட்டி அடைகோழிக்குக் கொடுத்துவிட்டாள். பதினொரு குஞ்சு பொரித்தது.